விருந்தினர் இரண்டு

செப்டம்பர் 4, வியாழன்

இன்று என் மேஜையிலிருந்து டெலிபோன் போர்டைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். மெத்தை கம்பெனிக்கு வருகிற அத்தனை போனும் இத்தனை வருஷமாக என் விரல் வழியாகத்தான் உள்ளே போயிற்று. இனிமேல் போன் எல்லாம் கம்ப்யூட்டர் வயரிலேயே ஓடுமாம், ஆபரேட்டர் வேண்டாமாம். சரி, இனி வீடுதான் என்று பையை எடுத்தபோது மேனேஜர் கூப்பிட்டார்.

கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த ஒரே ஆள் போன வாரம் முயல் வளர்க்கப் போய்விட்டார். அந்த இடத்துக்கு என்னைப் போடப் போகிறார்களாம். எனக்கு என்ன சார் தெரியும் என்றேன். "போன மழைக்கு நெட் போனப்போ அந்தப் பெட்டியைச் சரி பண்ணினது நீங்கதானே?" என்றார். ஆமாம், நான்தான். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன்.

ஒரே நிபந்தனை. கல்லூரியில் நெட்வொர்க் ரூட்டிங் என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஆறு மாதப் பாடத்தை எட்டு வாரத்தில் ஓட்டுகிற துரித வகை. சனிக்கிழமை நேரில், செவ்வாய் ஆன்லைனில். பாஸ் பண்ணினால் வேலை நிரந்தரம். பண்ணாவிட்டால் என்னவென்று அவர் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

ரூட்டிங் என்றால் என்னங்க என்று வீட்டில் இவரிடம் கேட்டேன். இவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். "வழி சொல்றதுதானே, அதைத்தானே நான் தினமும் பண்றேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். மகள் பாப்பாவைக் கேட்டேன். பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது, இதே மாதிரி கம்ப்யூட்டர் படிப்பை இதே கல்லூரியில் ஜூனில் முடித்தவள். நவம்பரில் வேலையில் சேரப் போகிறாள். நான் கல்லூரி பேரைச் சொன்னதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு, "அங்கயாம்மா? வேற எங்கயும் கிடைக்கலையா?" என்றாள்.

செப்டம்பர் 6, சனி

முதல் வகுப்பு. கல்லூரி லேப் இரண்டாம் மாடியில். பத்துப் பதினைந்து பேர் போய் உட்கார்ந்தோம். வாத்தியார் வரவில்லை. சுவரில் இருந்த பெரிய திரை எரிந்தது, அதில் வாத்தியார், அவர் வீட்டுச் சமையலறையில். பின்னால் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று நேரடி வகுப்பு ஆயிற்றே என்று ஒருவர் கேட்டார். மாணவர்கள் நேரில் வர வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது, ஆசிரியரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டேன் என்றார் வாத்தியார்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் எடுக்கிற பல் படம் எல்லாம் கீழ்க்கடையில் இருக்கிற ஜெராக்ஸ் மெஷினில் போய் அச்சாகிறதாம். ஆள் வைத்துப் பார்த்தும் தீரவில்லையாம். "இதுக்கு நானே ஒரு முடிவு கட்டறேன்" என்று வந்திருக்கிறார்.

பாடம் புரிந்த மாதிரிதான் இருந்தது. ரூட்டர் என்பது முச்சந்தியில் நிற்கிற ஆள். வருகிற பொட்டலத்தின் மேல் விலாசத்தைப் பார்த்து, அடுத்த முச்சந்திக்குக் கை காட்டும். அங்கே நிற்கிற ஆள் அதற்கடுத்ததற்கு. முழு வழியும் ஒருவருக்கும் தெரியாது. இதை நம்பியா உலகம் நடக்கிறது?

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆன்லைன் வகுப்பு, மாலை ஆறு மணி. வாத்தியார் இன்று லேபில் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ, பின்னால் காலி நாற்காலிகள். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முகம் காட்டாதவர்கள் நிறைய. அதில் ஒருவர் தன் பேரைக்கூடப் போடவில்லை. 'விருந்தினர் 2' என்று இருந்தது. வாத்தியார் அப்படியே கூப்பிட்டார்: விருந்தினர் இரண்டு, இந்த வழியில் என்ன தப்பு என்று சொல்லுங்கள்.

"அடுத்த ரூட்டரோட விலாசம் தப்பா இருக்கு சார்."

அந்தக் குரல் முதலில் சுவர் வழியாக வந்தது. ஒரு மூச்சு கழித்து லேப்டாப் வழியாக வந்தது.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பாவின் அறை. வேலைக்கு முந்தின பயிற்சி, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தாள்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. என் மைக்கை அணைக்க எனக்கு இன்னும் தெரியாது. என் இருமல் பக்கத்து அறையில் கேட்டது. நானே கேட்டேன். 'விருந்தினர் 2 வெளியேறினார்' என்று திரையில் வந்தது.

செப்டம்பர் 10, புதன்

இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் பாப்பா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளே சொன்னாள்.

மே மாதம் இந்த ஒரு பேப்பர் போய்விட்டதாம். எழுத்தில் இல்லை, செய்முறையில். மற்ற எல்லாம் பாஸ். இதை முடிக்காமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் நவம்பரில் வேலை இல்லை. இந்தத் துரித வகுப்புதான் கடைசி வழி. போன சனிக்கிழமை என்னை வாசலில் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி ஓடியிருக்கிறாள்.

அப்படியென்றால் பட்டமளிப்பு? ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோ? தொப்பி, கவுன், கையில் சுருள்?

"கவுன் வாடகைக்குக் கிடைக்கும்மா. சுருள் உள்ள ஒண்ணுமே இல்ல, சாதாரண பேப்பர்."

அன்றைக்கு விழாவுக்குள் மாணவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று சொல்லி எங்களைக் கூட்டிப் போகவில்லை. நானும் நம்பினேன். சாப்பிடக்கூட வெளியே போனோமே.

கோபம் வரணும்தானே? வந்தது. ஆனா அவ முகத்தைப் பார்த்தா— சரி விடு. அப்பாவிடம் சொல்லலாம் என்றேன். வேண்டாம்மா, பாஸ் பண்ணினதுக்கு அப்புறம் சொல்றேன் என்றாள். வகுப்பில் நான் அவளுக்கு அம்மா இல்லை, அவள் எனக்குப் பாப்பா இல்லை என்று ஒப்பந்தம்.

செப்டம்பர் 13, சனி

பட்டியலில் வரிசையாகப் பார்த்து இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார் வாத்தியார், சமையலறையிலிருந்து. எனக்குக் கிடைத்த ஜோடி விருந்தினர் இரண்டு.

இரண்டு ரூட்டர்களை ஒரு வயரில் இணைத்துப் பேச வைக்க வேண்டும். நான் ஒன்றை எழுதி, அவள் ஒன்றை எழுதி, நான் அனுப்பிய பொட்டலம் என் பெட்டியிலிருந்து அவள் பெட்டிக்கும் அவள் பெட்டியிலிருந்து என் பெட்டிக்கும் போய்ப் போய் வந்துகொண்டே இருந்தது. நீதான் தப்பாக எழுதினாய் என்று இரண்டு பேருக்கும் நிச்சயம். ஆனால் மரியாதை காக்க வேண்டும். "நீங்க கொஞ்சம் பாருங்க" என்றேன். "நீங்களே பாருங்க" என்றாள். என் வயிற்றில் பிறந்ததை நீங்க என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

கடைசியில் நான் அவள் கையைத் தட்டிவிட்டு வயரைப் பிடுங்கினேன். "அம்மா!" என்றாள்.

லேபே திரும்பிப் பார்த்தது. பல் டாக்டர் எழுந்து வந்தார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் என்று கேட்டார். பாப்பாவுக்கு வேறு வழியில்லை, வாயைத் திறந்தாள். செல்போன் வெளிச்சத்தில் பார்த்து, கடைவாயில் ஒன்று குறுக்கே முளைக்கிறது, இன்னும் வலிக்காதது ஆச்சரியம் என்றார். நாளை மறுநாள் பிடுங்க நேரம் கொடுத்திருக்கிறார். நிஜமாகவே இருக்கிறதாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று படித்தது: ஒருவரிடமிருந்து கேட்ட செய்தியை அவரிடமே திருப்பிச் சொல்லக் கூடாது. ரூட்டர்களுக்கான விதி. எங்கள் மேனேஜருக்கும் யாராவது சொன்னால் நல்லது.

செப்டம்பர் 18, வியாழன்

இவர் அந்தப் பட்டமளிப்புப் போட்டோவைச் சின்னதாக ஒன்று போட்டுக் காரில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஒரு பல் போன கன்னத்தோடு பாப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பர் 24, புதன்

கம்பெனியில் மானம் போயிற்று. வழி தெரியாத போன் எல்லாம் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி எழுதலாம் என்று நேற்றுத்தான் படித்தேன். காலையில் எழுதிப் பார்த்தேன். விலாசத்தில் ஒரு எண் மாறிவிட்டது. மதியம்வரை வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு போனும் மேனேஜர் மேஜையில் போய் அடித்தது.

வாடிக்கையாளரோடு பேசி அவருக்குப் பழக்கமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். முதுகு வலிக்கு எது நல்லது என்று ஒரு அம்மா கேட்டதற்கு, எங்களுடையது கொஞ்சம் கல் மாதிரி இருக்கும், தரையிலேயே படுத்துப் பாருங்கள் என்றாராம். விற்பனைப் பிரிவில் எல்லாரும் கைகட்டி உட்கார்ந்து டீ குடித்தார்கள். சரி பண்ணினேன். எப்படிச் சரியானது என்று என்னைக் கேட்கக் கூடாது.

அக்டோபர் 1, புதன்

நேற்று ஆன்லைன் வகுப்புக்குப் பல் டாக்டர் நேரிலேயே லேபுக்குப் போய்விட்டார். வாத்தியார் அங்கேதானே இருக்கிறார், முகம் பார்த்துச் சந்தேகம் கேட்கலாமே என்று. எதிரே உட்கார்ந்தவருக்கு வாத்தியார் ஆப்சென்ட் போட்டார், ஆன்லைனில் இல்லை என்பதால். டாக்டர் செல்போனை எடுத்து உள்ளே நுழைந்து, மூன்றடி தூரத்திலிருந்து "சார், கேக்குதா?" என்றார். கேட்கிறது, இப்போது பிரசென்ட் என்றார் வாத்தியார்.

அக்டோபர் 4, சனி

செய்முறைக்கு ஒத்திகை. வாத்தியார் திரையில் இருந்ததால், லேப் உதவியாளர் ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னால் நின்று பார்த்தார். பாப்பா வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அவர் வந்து நின்றதும் விரல் நின்றுவிட்டது. பாஸ்வேர்டே வரவில்லை. உதவியாளர் அடுத்த மேஜைக்குப் போன பிறகுதான் மூச்சு விட்டாள்.

மே மாதமும் இப்படித்தானா என்று படியில் இறங்கும்போது கேட்டேன். தலையாட்டினாள். அப்புறம் பஸ்ஸில் சொன்னாள்.

பதினெட்டு வயதில் இவர் அவளுக்குக் கார் கற்றுக்கொடுத்தார். மூன்றே நாள். ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், தெருவில் வைத்து அவளிடம் கத்தினார்— டிரைவிங் மாஸ்டர் பொண்ணுக்கு கியர் போடத் தெரியலன்னா என்ன நினைப்பாங்க என்று. அதற்கப்புறம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எங்களுக்கு அது சோம்பல் என்று பட்டது. யாராவது பின்னால் நின்று பார்த்தால் கை விறைத்துப்போகிறதாம், அன்றிலிருந்து.

எனக்கு ஏன் தெரியாமல் போச்சு? நான் எங்க இருந்தேன் அப்போ?

அக்டோபர் 8, புதன்

இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மோடம் ஒன்று. என் லேப்டாப்பும் பாப்பாவின் லேப்டாப்பும் வெளியே போகும்போது ஒரே விலாசத்தோடுதான் போகும். கல்லூரியின் வருகைப் பதிவு அந்த விலாசத்தைப் பார்த்து, இரண்டு பேரும் ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. வீட்டு விலாசமும் ஒன்று, இனிஷியலும் ஒன்று. ஒரு ஆள் இரண்டு இடம் பிடித்திருப்பதாகச் சந்தேகம் வந்து, பாப்பா சேரும்போது கொடுத்த அப்பா நம்பருக்கு ஆபீஸில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து படிப்பது ஒருவரா, இருவரா?

சாப்பிடும்போது இவர் பெருமையாகச் சொன்னார். "ஒருத்தர்தான், என் வீட்டுக்காரி மட்டும்தான். பொண்ணு ஜூன்லயே முடிச்சுட்டான்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அப்ப ரெண்டாவது பேரை எடுத்துடறோம்னாங்க. தாராளமா எடுங்கன்னேன்."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் குழம்புக் கரண்டியைப் பார்த்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் ஆபீஸுக்குப் போய் ஜன்னல் முன் சேர்ந்து நின்றோம். நாங்கள் இரண்டு பேர் என்று சொன்னேன். அது தெரிகிறது, ஆனால் அதற்கு என்ன ஆதாரம் என்றார் கிளார்க். நிற்கிறோமே சார் என்றாள் பாப்பா. நிற்பதைப் பதிவில் ஏற்ற முடியாதாம். ஒருவர்தான் என்று சொன்ன பாதுகாவலரே நேரில் வந்து இருவர் என்று சொல்ல வேண்டும். நாளைக்குள்.

அக்டோபர் 10, வெள்ளி

இவர் காரிலேயே நடந்தது எல்லாம்.

காலையில் கல்லூரிவரைக்கும் கொண்டுவிடுங்கள், ஒரு கையெழுத்து வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஆனால் அது இவரிடம் வண்டி கற்றுக்கொள்கிற தையல்கார அக்காவின் பாட நேரம். தையல்கார அக்கா ஸ்டியரிங்கில், பக்கத்தில் இவர், பின்னால் நானும் பாப்பாவும். இவருக்கு ஒரு வழக்கம்— கற்றுக்கொள்கிறவர் கையில் வண்டி இருக்கும்போது குரல் உயரவே உயராது. பாப்பா அதற்காகவே காத்திருந்த மாதிரி, வண்டி தெருமுனை தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் இன்னும் முடிக்கல."

"கிளட்சை மெதுவா விடுங்கம்மா" என்றார் தையல்கார அக்காவிடம். அப்புறம் அதே குரலில், "எதை முடிக்கல?"

"படிப்பை. ஒரு பேப்பர் போயிடுச்சு. ரெண்டாவது பேர்னு எடுக்கச் சொன்னீங்களே, அது நான்தான்."

"இண்டிகேட்டர் போடுங்க. சரி. கை காட்ட வேணாம், அதுவே காட்டும்." கண்ணாடிக்குக் கீழே பார்த்தார். "அப்ப இந்தப் போட்டோ?"

"கவுன் வாடகைப்பா."

"நானும் நெனச்சேன், தோள்பட்டை சரியா உட்காரலையேன்னு" என்றார் தையல்கார அக்கா.

"நீங்க ரோட்டைப் பாருங்க."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கேட்காததால் பாப்பாவே சொன்னாள். "நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கை வராதுப்பா. யார் பக்கத்துல இருந்தாலும் வரல. அன்னிக்கு ரோட்டுல கத்தினீங்கல்ல, அதுலேர்ந்து."

இடது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இவர் சொல்லவில்லை. கல்லூரி வாசல் வந்து, போயும்விட்டது. தையல்கார அக்கா பாவம், சொல்ல ஆளில்லாததால் நேராகவே ஓட்டிக்கொண்டு போனார். சிக்னல், பெட்ரோல் பங்க், பாலம் எல்லாம் தாண்டி, சிமெண்ட் குடோன் சுவரில் முட்டுகிற மாதிரி ரோடு முடிந்துபோனது. அவராகவே பிரேக் போட்டார். அழகாகப் போட்டார்.

"எல்லாருக்கும் மெதுவாத்தானே சொல்லித் தர்றேன்" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கு இல்லப்பா."

நான் கையை நீட்டி இவர் தோளைத் தொட்டேன். தோள் கல் மாதிரி இருந்தது.

"ரிவர்ஸ் எடுங்கம்மா" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் பாதியில் உடைந்தது.

ஆபீஸ் ஜன்னலில் கண்ணாடி. கிளார்க்குக்குக் காது கேட்கவில்லை. "ரெண்டு பேர். பொண்ணு இன்னும் முடிக்கல, நான் தப்பா சொல்லிட்டேன்" என்பதை இவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. தையல்கார அக்கா வெளியே ஹாரன் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இவர் பாப்பாவிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் மூன்று வேளையும் அவள் தட்டை இவரே கழுவி வைத்தார்.

அக்டோபர் 25, சனி

பரீட்சை. வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார், நிஜமாகவே, உடம்போடு. வாத்தியாரும் திரையில் இருந்தார், மரியாதைக்காகச் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு.

இன்று ஜோடி கிடையாது, தனித்தனி மேஜை. பாப்பா எனக்கு முன் வரிசையில். பரிசோதகர் அவள் பின்னால் போய் நின்றார். அவள் தோள் ஏறியதைப் பார்த்தேன். விரல் நின்றது. என் வேலையை நான் விட்டுவிட்டேன். பாரு கண்ணு, எழுது கண்ணு என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். மனசுக்குள்தான்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"சார், நீங்க பின்னாடி நின்னா எனக்கு வராது. முன்னாடி வந்து உட்காருங்க."

முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் திரை தெரியாதே என்றார் பரிசோதகர். முடித்ததும் திருப்பிக் காட்டுகிறேன் என்றாள். அவர் திரையில் இருந்த வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் யோசித்து, பின்னால்தான் நிற்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்றார். அந்த மனிதரை இன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. பரிசோதகர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, ரூட்டரில் விளக்கு மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா தட்ட ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை.

என் கதை வேறு. நானும் எல்லாம் எழுதிவிட்டேன், பொட்டலம் போய்ச் சேர்ந்தது. திரும்ப ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று பழக்க தோஷத்தில் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டேன். சேமிக்கவில்லை. போட்டபோது பெட்டிக்கு ஒன்றுமே நினைவில்லை. பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, எழுத ஆரம்பிக்கவே இல்லையா அம்மா என்று கேட்டார்.

அக்டோபர் 31, வெள்ளி

பாப்பா பாஸ். பல் டாக்டர் பாஸ். ஆனால் படம் இன்னும் ஜெராக்ஸ் கடையில்தான் வருகிறதாம். நான் ஃபெயில்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தார். அன்றைக்குப் போனில் பேசிய அந்த முதுகுவலி அம்மா நேரில் வந்து நான்கு மெத்தை வாங்கிப் போனார்களாம், உண்மையைச் சொன்ன ஒரே கம்பெனி என்று. "அடுத்த பேட்ச்ல எழுதுங்க. வேலை அதுவரைக்கும் இருக்கும். ஆனா பெட்டியைத் தொடாதீங்க" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

பாப்பா வேலைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. இன்று முதல் எனக்குப் புது வகுப்பு, அதே வாத்தியார்.

சாயங்காலம் இவர் கீழே காரை நிறுத்திக்கொண்டிருந்தார். மாடி வீட்டுக்காரர் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டது ஜன்னலில் கேட்டது. "பொண்ணு பேப்பர் ஒண்ணு விட்டு, திரும்ப எழுதி பாஸ் பண்ணிட்டா. இப்ப வீட்டுக்காரி ஃபெயில், மறுபடி படிக்கிறா" என்று இவர் காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

மேலே வந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். வாத்தியார் லேபில், பின்னால் காலி நாற்காலிகள். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"நான் வெளிய இருக்கட்டுமா, உள்ள வரட்டுமா?"

உள்ளே வாங்க என்றேன். திரை தெரியாத பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பட்டாணி உரிக்க ஆரம்பித்தார்.